கீழே இறக்கி வைத்த விண்டோக்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரிடம் வெளியிலிருந்து ஒரு புரோகிராம் போய், "நீ இப்போது எந்த முகவரியில் நிற்கிறாய்?" என்று கேட்டு வாங்கி வருவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து வரியை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஏன்டா எழுதினோம் என்று இன்றுவரை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, சென்னையில் ஒன்றரை வருஷம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று ஊருக்கே திரும்பி வந்திருந்தேன். யாராவது "இன்னாமா, வேல இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டால் கடித்துக் குதறலாம் போல இருக்கும். முதலாளி ஒரு பாய். ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கோடவுனைச் சுத்தம் பண்ணி, பிளைவுட் அடித்து ஆறு கேபின் போட்டு, சென்னையில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்திருந்தார். டயல்-அப் கனெக்‌ஷன் ஒன்று. ஆறு கேபினும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த மெஷின்களில் பிரவுசரை ஒரு தடவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால், அது வருவதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "இன்னா பாய், தொறக்கறதுக்கே கால் மணி பூடுச்சு" என்று தினமும் சண்டை. கடைசியில் பாயே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கேபினிலும் ஒரு அட்டை ஒட்டினோம்: "மூட வேண்டாம். கீழே இறக்கி வைக்கவும்." வந்தவர் வேலை முடிந்ததும் விண்டோவை மூடாமல், கீழ்ப்பட்டையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து போவார். அடுத்து வருகிறவர் அதே பிரவுசரில் புது விண்டோ ஒன்றைத் திறந்துகொள்வார். அது சட்டென்று வந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு மெஷினின் அடியிலும் எட்டு பத்து விண்டோ ஒண்டிக்கொண்டு கிடக்கும். கடை சாத்தும்போது மெஷினை அணைத்தால் எல்லாம் ஒழியும். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

பாய்க்கு ஒரு குறை. பெண்கள் யாரும் உள்ளே வரமாட்டேன் என்றார்கள். பிரவுசிங் சென்டர் என்றாலே ஊரில் ஒரு மாதிரியாகப் பேசின காலம். வாசல்வரை வந்து, பிளைவுட் தடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன அம்மாக்களை நானே பார்த்திருக்கிறேன்.

"எவன் இன்னா பாத்துக்கினு கீறான்னு நமக்கே தெரியலன்னா, அப்பன் ஆத்தாளுக்கு இன்னாத்தம்மா சொல்றது?" என்றார் பாய் ஒருநாள். "ஒவ்வொரு மெஷின்லயும் இப்ப இன்னா ஓடிக்கினு கீதுன்னு உன் மெஷின்ல தெரியற மாதிரி ஒண்ணு எழுது. நீதான் படிச்சிக்கீறியே."

எழுது என்றால் மளிகைச் சாமான் சீட்டு மாதிரி எழுதிவிடலாம் என்று அவருக்கு நினைப்பு. ஆனால் எனக்கும் ஆசை வந்தது, அதை மறைக்கவில்லை. படித்த படிப்புக்கு ஏதோ ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது.

முதலில் பிரவுசரின் முகவரிப் பெட்டியில் தெரியும் எழுத்தை அப்படியே படிக்கிற மாதிரி செய்தேன். ஆட்கள் பாதி அடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாதியும் முகவரி என்று பட்டியலில் ஏறியது. சரிப்படவில்லை. அப்புறம் ஒரு பழைய புத்தகத்தில் வேறு வழி கிடைத்தது. திறந்திருக்கும் பிரவுசர் விண்டோக்களின் வரிசையை மெஷினே கைவசம் வைத்திருக்கும். அந்த வரிசையை வாங்கி, முதலில் நிற்கும் விண்டோவைப் பிடித்து, உன் முகவரி என்ன என்று கேட்டால் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிடும். என் மெஷினில் ஒரு விண்டோவைத் திறந்து கேட்டுப் பார்த்தேன். சொன்னது. வேறு பக்கத்துக்குப் போய்க் கேட்டேன். அதையும் சொன்னது. நாற்காலியை விட்டு எழுந்து குதிக்காத குறைதான். சென்னையில் எவன் எவனோ என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, வீட்டுக்கு அனுப்பினானே, அவன்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது.

ஆறு மெஷினிலும் அதைப் போட்டேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேபின் நம்பர், நேரம், முகவரி எல்லாம் என் மெஷினில் வந்து விழும். ஆள் பெயரை, வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற நோட்டைப் பார்த்து நான் சேர்த்துவிடுவேன். பாய் வாசலில் போர்டு வைத்தார்: "பெண்கள் அச்சமின்றி வரலாம். கம்ப்யூட்டர் கண்காணிப்பு உண்டு." வீட்டு ஆட்கள் வந்து கேட்டால், அவர்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ பார்த்ததை மட்டும் ஒரு சீட்டாக அச்சடித்துக் கொடுப்போம். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்வேன். போர்டு வைத்த ஒரே வாரத்தில் நாலைந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் காலையில்தான் வருவார்கள், கடை திறந்த கையோடு வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்களில் ஒருத்தி நர்ஸ் படிப்பு முடித்தவள். இருபது நிமிஷ பஸ் தூரத்தில் ஒரு ஊர். மெலிசாக, பேச்சே இல்லாமல் இருப்பாள். வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவாள். கோயிலா இது, போட்டுக்கொண்டே வா என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு பயோடேட்டா அனுப்பியிருந்தாள். இன்டர்வியூ தேதியை மெயிலில்தான் சொல்வோம் என்று எழுதிவிட்டார்கள். அவளுக்கு மெயில் ஐ.டி. திறந்து கொடுத்து, பாஸ்வேர்டு வைத்தது எல்லாம் நான்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்து மெயிலைத் திறப்பாள். ஒன்றும் வந்திருக்காது. "வரலக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். அந்த வேலை கிடைத்தால்தான் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப் போடுவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்களாம்.

அவள் அப்பா உத்திரமேரூரிலேயே ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தார். முன்கை இரண்டிலும் ஆவி பட்ட தழும்பு. வியாழக்கிழமை தோறும் வேலை விட்டுப் போகும்போது சென்டருக்கு வருவார். உள்ளே வந்து உட்காரமாட்டார், மேலெல்லாம் தவிடு என்று வாசலிலேயே நிற்பார். நான் சீட்டைப் படிப்பேன். மெயில், ஆஸ்பத்திரியின் பக்கம், மறுபடியும் மெயில். அவ்வளவுதான் இருக்கும். "நல்லதும்மா" என்று சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவருக்கு அது வேவு இல்லை. மகள் என்னவோ பெரிய காரியம் செய்கிறாள், அதற்கு ஒரு காகிதம் இருக்கிறது என்கிற பெருமை.

அந்த வாரம் புதன்கிழமை அவள் காலையில் வரவில்லை. ஊர் பஸ் பிரேக்டவுன் ஆகி, நடந்தும் ஷேர் ஆட்டோ பிடித்தும் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள். மூன்றாம் நம்பர் கேபின்தான் காலியாக இருந்தது. இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். "வரலக்கா" என்றாள், போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அப்பா வந்தார். சீட்டை அச்சடித்தேன். காகிதம் பிரின்டரை விட்டு வெளியே வரும்போதே பார்த்துவிட்டேன். புதன்கிழமை, அவள் பெயர், ஏழு வரி. ஏழிலும் ஒரே முகவரி. படிக்கக் கூசுகிற முகவரி.

அப்போது என்ன நினைத்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'பூனை மாதிரி இருந்துகொண்டு, இந்தப் பெண்ணா!' அவ்வளவுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. என் புரோகிராம் பொய் சொல்லும் என்று தோன்றவே இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டில் அவள் மெயில் பார்த்ததற்கு ஒரு வரிகூட இல்லை. மெயில் பார்த்துவிட்டு "வரலக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன பெண்ணின் சீட்டில் மெயிலே இல்லை. குருடிக்குக்கூட அது தெரிந்திருக்கும்.

"இன்னா பாப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?" என்றார் அவர்.

சொன்னேன். பாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அசிங்கமான படம் வர்ற பக்கம்ணா" என்று சொன்னேன். என்னமோ அவர்களுக்கு உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவர் சீட்டை நாலாக மடித்தார், பையில் வைத்தார், போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மில்லிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாப்பா, தப்பா நெனச்சுக்காத. இது தப்பா வர்றதுக்கு எதுனா வழி கீதா? வேற யார் பேராவது மாறி கீறி?"

பெயர் மாறவில்லை என்று எனக்குத் தெரியும். நோட்டை எடுத்துக் காட்டினேன். மூணு மணி, மூன்றாம் நம்பர், அவளே போட்ட கையெழுத்து.

"மெஷின்ணா அது. அதுக்கு யாரத் தெரியும்? இருக்கறத இருக்கற மாதிரி சொல்லும். தப்பு வராது" என்றேன்.

"நீதான் எழுதினதா இத?"

"நான்தாண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். இறங்கிப் போகும்போது படியில் தடுக்கி, சமாளித்துக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் அந்தப் பெண் வரவில்லை. நானும் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று என் பாட்டுக்கு வேலை பார்த்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு அம்மா வந்தார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் முந்தின நாள் சாயங்காலம் சென்டருக்கு வந்தானாமே, என்ன பார்த்தான் என்று கேட்டார். சீட்டு எடுத்தேன். அரை மணி நேரமும் ஒரு பெருமாள் கோயிலின் பக்கம். பத்து வரியிலும் ஒரே முகவரி.

"எம்புள்ளயா? சாமி கும்புட வாடான்னா உதைக்க வருவானே!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. அவனுக்கு முன்னால் அதே கேபினில் உட்கார்ந்தவர் ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர். கோயில் கோயிலாகப் பார்க்கிற ஆள் அவர்தான். பையன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து விசில் அடித்ததை நானே அதட்டியிருந்தேன்.

போய் ஒரு கேபினில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று பேர் இறக்கி வைத்த விண்டோக்கள் கீழே கிடந்தன. நான் நாலாவதாக ஒன்றைத் திறந்து, வேறு ஒரு பக்கத்துக்குப் போய்விட்டு, என் மெஷினுக்கு ஓடி வந்து பார்த்தேன். அங்கே முதல் ஆளின் முகவரி நின்றது. என் புரோகிராம் கேட்டது வரிசையில் முதலில் நிற்கும் விண்டோவை. ஆள் கண்ணெதிரே வைத்துப் பார்க்கும் விண்டோவை அது கேட்கவே இல்லை. ஒரே ஒரு விண்டோவைத் திறந்து வைத்துச் சோதித்தவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. காலையில் முதல் ஆளாக வந்த பெண்கள் எல்லாருக்கும் சீட்டு சரியாக இருந்தது. மத்தியானம் வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கு முன்னால் உட்கார்ந்த யாரோ ஒருவருடைய பாவ புண்ணியத்தைச் சுமந்திருக்கிறார்கள். "மூட வேண்டாம்" என்று அட்டை எழுதினதே நான்தான். அட சனியனே என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமைப் பட்டியலை முழுசாகத் திறந்தேன். மூன்றாம் நம்பர் மெஷின் மத்தியானம் கரண்ட் போய் வந்ததில் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. அதற்கப்புறம் முதலில் உட்கார்ந்த ஆள் ஒருவர், ஊரில் மரியாதைப்பட்டவர்தான். அவருக்கு நேரே அதே நீள முகவரி, கடைசி எண்வரை அதேதான். அடுத்து அவள் பெயர், அதே முகவரி. அவளுக்கு அடுத்து வந்தவர், அவருக்கும் அடுத்து வந்தவர், எல்லாருக்கும் அதேதான் கடை சாத்துகிறவரை. அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அஞ்சு நாளாக நான் திறக்கவில்லை.

பாயிடம் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த வளையல் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்த லிஸ்டயா ஊரக் கூட்டிக் காட்டிக்கினு இருந்தோம்? அல்லா... ஒரு பொண்ணு பேரும்மா, வெளையாட்டா?" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "போ. மொதல்ல அந்த வூட்டுக்குப் போ. அவ அப்பன்கிட்ட சொல்ல நானும் வரேன். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

கிளம்புவதற்கு முன்னால் அவள் மெயிலைத் திறந்தேன். அடுத்தவர் கடிதத்தைத் திறக்கிறோமே என்று கை கூசத்தான் செய்தது. பாஸ்வேர்டு நான் வைத்தது, அவள் மாற்றவில்லை. ஒரே ஒரு மெயில் புதிதாக நின்றது. சனிக்கிழமை காலையில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. இன்றைக்குச் செவ்வாய். எதிரே இருந்த காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அது மாறுமா என்ன. ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்.

மெயிலை அச்சடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தது. எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இறங்குவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.

அவள் வீட்டு முன்னால் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். அப்பா மில்லுக்குப் போயிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் விண்டோ, கடைசி விண்டோ, கரண்ட் போனது, யாரோ ஒருவர் இறக்கி வைத்தது எல்லாம். அவளுக்குப் பாதி புரிந்ததா தெரியவில்லை. தன் மேல் தப்பில்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும், நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் மெயிலை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"சென்டர் அக்காவயாச்சும் மெயில பாக்கச் சொல்லுப்பான்னு சனிக்கெழம அழுதேன்க்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க போறதுன்னுட்டாரு."

"நான் அப்பாகிட்ட வந்து பேசறேன். பாயும் வரேன்னாரு. என் தப்புன்னு சொல்லிடறேன். மில்லுக்கே போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அந்தச் சீட்ட அவருக்குப் படிச்சுக் காட்றதுக்கு முன்னாடி நீங்க பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு இன்னா நெனச்சீங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"நீதான்னு நெனச்சேன்."

அவள் கோபப்படவில்லை. மெயிலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கப்பா மொதல்ல அந்தச் சீட்ட நம்பலக்கா. வியாயக்கெழம சீட்டோட வந்து, இன்னாம்மா இதுன்னு எங்கிட்டயே கேட்டாரு. நான் இல்லன்னேன். செரி வுடுன்னுட்டாரு. மறாநாளு உங்களப் பாத்துட்டு வந்தாரு பாருங்க, அதுலேர்ந்துதான் எங்கிட்ட பேசறதில்ல."

நெல்லுக்குள் காலை விட்டு மறுபடியும் துழாவ ஆரம்பித்தாள். ஒரு வரிசை போய்த் திரும்பி வந்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"வேல போனா போவுதுக்கா, இன்னொண்ணு வரும். ஆறு மாசமா உங்க கண்ணு முன்னாலதான் ஒக்காந்துக்கினு இருந்தேன். அவருகிட்ட சொல்றதுக்கு முந்தி, ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் இல்ல?"

கேட்டிருக்கலாம். டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம்தான்.